சாய்தளத்தில் உருளும் கோலி: முடுக்கம் ஏன் குறைவாக வருகிறது?

கேள்வி:
1 மீட்டர் அலுமினிய சேனலின் (U வடிவப் பள்ளமுள்ள பட்டை) ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தி, 16 மி.மீ. கோலிக்குண்டை உருட்டினேன். ஐந்து தடவையும் 1.84 வினாடியை ஒட்டியே வருகிறது, முடுக்கம் 0.59 மீ/வி². ஆனால் புவியீர்ப்பு முடுக்கம் × சரிவு (உயரம்/நீளம்), அதாவது 9.8 × 0.1 = 0.98 வர வேண்டாமா? உராய்வு இவ்வளவா தின்னும்?

பதில் 1:
உராய்வு காரணமில்லை. 0.98 என்பது உராய்வின்றி வழுக்கிப் போகும் பொருளுக்கு. கோலி சுழலவும் வேண்டுமே, ஆற்றலில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும். திண்மக் கோளம் என்றால் 5/7ஆல் பெருக்குங்கள்: 0.70. மெல்லிய வளையத்துக்குப் பாதிதான். கனமான கோலி போட்டாலும் இது மாறாது.

பதில் 2:
மிச்சக் குறை சேனலில் இருக்கிறது. கோலி அடித்தளத்தைத் தொடுகிறதா, இரு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறதா?

கேட்டவர்:
விளிம்பில்தான் சார். வாய் அகலம் 10 மி.மீ.

பதில் 2:
அப்படியானால் உருளும் ஆரம் 8 அல்ல, √(64−25), அதாவது 6.2 மி.மீ. அதே தூரத்துக்குக் கூடுதல் சுற்று சுற்ற வேண்டும். திண்மக் கோளத்தின் சுழற்சிக்கான எண் 0.4; அதை ஆரங்களின் வர்க்க விகிதத்தால் (64/39) பெருக்க வேண்டும்: 0.98 ÷ (1 + 0.4 × 64/39) = 0.59. உங்கள் அளவீடு அருமையாகப் பொருந்துகிறது!

பதில் 3:
அடுத்து 2, 4, 6, 8 செ.மீ. வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் கோணத்தைப் போடாமல் உயரம்/நீளம் போடுங்கள், நேர்கோடு வரும். கோடு பூஜ்ஜியத்தைத் தொடாவிட்டால் மேசையே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். விரலால் விடாதீர்கள், தள்ளிவிடும். ஸ்கேலால் தடுத்து, உருளும் திசையிலேயே சட்டென்று விலக்குங்கள். ஸ்டாப்வாட்சில் 0.1 வினாடி பிசகினால் முடுக்கத்தில் 11 சதவீதம் பிசகும். மொபைலில் 60 ஃபிரேம் வீடியோ எடுத்து எண்ணுங்கள்.