வீலான் 20 இலிருந்து அலுவலகப் பிரிண்டர் மட்டும் எட்டவில்லை

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு)

எங்கள் கல்வி நிலையத்தில், ஒரே சுவிட்சைத் தனித்தனி வலைப்பிரிவுகளாக்கும் வீலான் முறையில், அலுவலகத்தை வீலான் 10 ஆகவும் (192.168.10.0), கணினிக்கூடத்தை வீலான் 20 ஆகவும் (192.168.20.0) பிரித்து, ரவுட்டரின் ஒரே போர்ட்டில் பிரிவுக்கு ஒன்றாக இரண்டு சப்-இன்டர்பேஸ்களை (போர்ட்டின் உட்பிரிவுகளை) அமைத்து, அங்கிருந்து சுவிட்சின் ட்ரங்க் (பல வீலான்களையும் ஒன்றாகச் சுமக்கும்) போர்ட்டுக்கு ஒரு கேபிள் கொடுத்துள்ளேன். இரு பக்கமும் இணையம் கிடைக்கிறது. கூடத்திலுள்ள ஆசிரியரின் கணினியிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தால் 192.168.10.1 பதில் தருகிறது; 192.168.10.50 ஆகிய பிரிண்டர் பதில் தருவதில்லை. அலுவலகக் கணினிகளிலிருந்தோ அது வழமைபோல் அச்சிடுகிறது. மூன்று நாட்களாகத் தேடியும் பிழை பிடிபடவில்லை.

பதில் (கல்முனை)

ட்ரங்கில் வீலான் 10 அனுமதிக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள்.

பதில் (அக்கரைப்பற்று)

ட்ரங்கைச் சந்தேகிக்கத் தேவையில்லை, ஐயா. அலுவலகத்துக்கு இணையம் கிடைப்பதே அந்தக் கேபிள் வழியாகத்தான். ஆனால் 192.168.10.1 என்பது ரவுட்டரின் சொந்த முகவரி என்பதால், அதன் பதில் உங்கள் பொதி (அனுப்பிய தரவுத் துண்டு) ரவுட்டர் வரை போய்வருகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. பிரிண்டரிலிருந்து திரும்பும் வழியைத்தான் நீங்கள் இன்னும் சோதிக்கவில்லை. கேள்வி வந்த முகவரி தன் பிரிவுக்கு வெளியே இருப்பதால், பிரிண்டர் பதிலைத் தன் கேட்வேயிடம் (வெளிப் பிரிவுகளுக்கு அனுப்பிவைக்கும் ரவுட்டர் முகவரியிடம்) கொடுத்தாக வேண்டும். கேட்வே வெறுமையாகவோ பிழையாகவோ இருந்தால் பதில் அங்கேயே நின்றுவிடும். ஒரே பிரிவிலுள்ள கணினிகளுடன் பேசக் கேட்வே தேவைப்படாது. அதனால்தான் அலுவலகத்தில் எவருக்கும் இந்தக் குறை தெரிந்திருக்காது. எந்த முகவரிகள் தன் பிரிவைச் சேர்ந்தவை என்று காட்டும் மாஸ்க் 255.255.255.0 தானா என்பதையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. பிரிண்டரில் பழைய ரவுட்டரின் 192.168.1.1 என்ற முகவரியே கேட்வேயாக இருந்தது, அதை 192.168.10.1 என மாற்றியவுடன் அச்சு வந்தது. ஆயினும் மாணவர் கணினிகளிலிருந்தும் இப்போது அலுவலகத்தை எட்ட முடிகிறது. மாணவர் விபரங்கள் அங்குதான் உள்ளன என்பதால் இது எனக்குக் கவலை தருகிறது.

பதில் (அக்கரைப்பற்று)

ரவுட்டர் தானாகத் தடுக்காது. வீலான் 20 இன் சப்-இன்டர்பேஸில் உள்வரும் திசைக்கு ஓர் அக்சஸ் லிஸ்ட் (மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும் அனுமதி, தடைப் பட்டியல்) எழுதுங்கள். ஆசிரியரின் கணினிக்கு நிலையான முகவரி கொடுத்து, அதிலிருந்து 192.168.10.50 இன் டிசிபி 9100 போர்ட்டுக்கு (பிரிண்டர் அச்சுப் பணியைப் பெறும் வாயில்) மட்டும் அனுமதி, அடுத்து 192.168.10.0 முழுவதற்கும் தடை. அதன்பின் மற்றெல்லாவற்றுக்கும் அனுமதி. வரிசை மாறக்கூடாது. கடைசி வரியை விட்டால், பட்டியலின் முடிவில் எழுதப்படாமலே இருக்கும் தடை கூடத்தின் இணையத்தையும் நிறுத்திவிடும். இதன்பின் பிரிண்டருக்குப் பிங் போகாது. அதைப் பிழையென எண்ணாமல் ஒரு பக்கம் அச்சிட்டுச் சோதியுங்கள்.