மல்லாந்து கிடக்கும் டாரன்டுலாச் சிலந்தி: இரண்டு கால்கள் பழைய தோலில் சிக்கியுள்ளன, இழுக்கலாமா?

கேள்வி

வணக்கம். நான் இலண்டனில் வசிக்கிறேன். மகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றதிலிருந்து, அவன் 7 ஆண்டுகளாக வளர்த்துவந்த கர்லி ஹேர் வகைப் பெண் டாரன்டுலாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் அந்த அறைக்குள் நுழையவே தயங்கிய எனக்கு, இப்போது காலையில் அதை ஒருமுறை பார்க்காமல் வேலைக்குக் கிளம்ப மனம் வருவதில்லை.

ஐந்து வாரங்களாக அது இரையைத் தொடவில்லை. வயிற்றின் மேற்புறத்தில் முடி உதிர்ந்திருந்த இடம் கறுத்துக்கொண்டே வந்தது. தோலுரிக்கப் போகிறது என்று மகன் சொல்லியிருந்தான். நேற்றிரவு 10 மணியளவில் தான் பின்னிய வலைவிரிப்பின் மேல் மல்லாந்து படுத்தது. அதிகாலை 2 மணிக்கு முதுகின் மேலுள்ள ஓடு கழன்றது. பிறகு கால்கள் மெல்ல மெல்ல வெளியே வந்தன. ஆனால் வலப்பக்கத்து மூன்றாம், நான்காம் கால்கள் மட்டும் பாதியில் நின்றுவிட்டன. இப்போது காலை 8 மணி. அவ்விரு கால்களிலும் பழைய தோல் உறைபோல் இறுகியிருக்கிறது. இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும் போலத் தோன்றுகிறது. இழுக்கலாமா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெட்டி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு அருகில் இருக்கிறது. தோலுரிப்பதற்கு முந்தைய வாரம் தண்ணீர்க் கிண்ணம் நான்கு நாள் வற்றிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அதை நினைத்து இரவு முழுதும் உறங்கவில்லை.

பதில் 1

அக்கா, முதலில் இடுக்கியைக் கீழே வையுங்கள். மல்லாந்து கிடப்பது சாவின் அறிகுறி அன்று. நிமிர்ந்த நிலையில் கால்களை உடலுக்கு அடியில் சுருட்டிக்கொண்டால்தான் அஞ்ச வேண்டும். ஆனாலும் முதுகின் ஓடு கழன்றபின் கால்கள் வெளிவரப் பெரும்பாலும் ஓரிரு மணி நேரம் போதும். ஆறு மணி நேரம் ஆகிவிட்டதால் இது சிக்கிய தோலுரிப்பு என்றே கொள்ள வேண்டும்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் சொன்னது காரணமாக இருக்கலாம். சிலந்தியின் காலில் முக்கியமான இரு மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. ஹீமோலிம்ஃப் எனும் உடல்திரவத்தை அழுத்தித் தள்ளித்தான் அது காலை நீட்டுகிறது. பழைய ஓட்டைப் பிளப்பதும் அதே அழுத்தம்தான். உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே வழுக்கிக்கொடுக்கும் திரவமும் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

உடனே ரேடியேட்டரை அணையுங்கள். பெட்டிக்குள் இரைப்பூச்சி இருந்தால் வெளியே எடுங்கள். மென்மையான உடலை ஒரு சிள்வண்டுகூடக் கடித்துக் காயப்படுத்தும். ஒரு மூலையில் தென்னை நார்த்தூள் நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், சிலந்தியின் மேல் தெளிக்க வேண்டாம். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரினில் சில சொட்டுகளை வெதுவெதுப்பான நீரில் கலந்து, மெல்லிய ஓவியத் தூரிகையால் சிக்கிய தோலின் விளிம்பில் மட்டும் தடவுங்கள். வயிற்றின் அடிப்புறத்தில் சிலந்தி மூச்சுவிடும் நான்கு புத்தக நுரையீரல்கள் உள்ளன; அங்கும் வாயருகிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தடவிவிட்டுக் காத்திருங்கள். வயிற்று முடிகள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், எனவே முகத்தை நெருக்கிக்கொண்டு போகாதீர்கள்.

பதில் 2

ஈரமான காகிதத் துண்டு விரித்த சிறு பெட்டிக்கு மாற்றி, அதைச் சூடான இடத்தில் மூடி வைத்தால் தோல் இளகிவிடும் என்று முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் செய்து பார்க்கலாமே?

பதில் 1

நண்பரே, நீர் வற்றிச் சுருண்டுபோன சிலந்திக்கு அந்த முறையைச் சொல்வார்கள். இப்போதோ அதன் உடல் பால்கட்டியைப்போல இருக்கிறது. தூக்கி மாற்றும்போதே கிழிந்துவிடும். சூடு மிச்சமுள்ள ஈரத்தையும் உலர்த்தும். இந்த நிலையில் இடம் மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி கேட்டவர்

மதியம் 12 மணி. நான்காம் முறை தடவியபின் மூன்றாம் கால் தானாகவே வழுக்கி வெளியே வந்தது. சற்றே வளைந்திருக்கிறது, ஆனால் அசைக்கிறது. நான்காம் காலில் எந்த மாற்றமும் இல்லை. சிலந்தி இப்போது புரண்டு நிமிர்ந்துவிட்டது. பழைய தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க நெஞ்சு வலிக்கிறது.

பதில் 1

நிமிர்ந்ததே பெரிய செய்தி, அக்கா. தொங்கும் காலித் தோலை மட்டும் சிறு கத்தரியால், உள்ளே கால் இல்லை என்று உறுதியான இடத்தில் வெட்டிவிடுங்கள். இழுபடும் பாரம் குறையும். மீதி உறை காலிலேயே இருக்கட்டும். தொல்லை தாங்காவிட்டால் அந்தக் காலை அதுவே கழற்றிவிடக்கூடும். அடிமூட்டில் கழன்றால் காயம் தானாக மூடிக்கொள்ளும். பெண் சிலந்தி வளர்ந்தபின்னும் தோலுரிப்பதால், அடுத்த முறை அவ்விடத்தில் சிறிய கால் ஒன்று முளைத்திருக்கும். அதற்கடுத்த தோலுரிப்புகளில் ஏறக்குறைய முழு அளவை எட்டும்.

உரித்த தோலை எறியாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விரித்து, இரண்டு நச்சுப்பற்களின் உறைகளும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். உணவை உறிஞ்சி இழுக்கும் உள்ளுறுப்பான உறிஞ்சும் வயிற்றின் உட்சுவரும் உரிந்து வர வேண்டும். உள்ளே தங்கிவிட்டால் அதனால் உண்ண முடியாது. எனக்குக் காலைவிட இதுதான் கவலை.

கேள்வி கேட்டவர்

மூன்றாம் நாள். நேற்றிரவு நான்காம் காலைக் கழற்றிவிட்டது. காலையில் பார்த்தபோது அடிமூட்டில் இளநீலத் துளி ஒன்று உறைந்திருந்தது, கசிவு இல்லை. தோலை ஊறவைத்துப் பார்த்தேன்: பல்லுறைகள் இரண்டும் இருக்கின்றன, நடுவில் மெல்லிய வெண்ணிறப் பை போன்ற ஒன்றும் இருக்கிறது. இன்று மாலை கிண்ணத்தின் விளிம்பில் வாயை அழுத்தி வெகுநேரம் தண்ணீர் குடித்தது. மகனைத் தொலைபேசியில் அழைத்துக் காட்டினேன். இருவருக்கும் பேச்சு வரவில்லை. எப்போது இரை கொடுக்கலாம்?

பதில் 1

அந்த வெண்ணிறப் பைதான் நான் கேட்டது. நீல நிறத்துக்கும் அஞ்ச வேண்டாம். அதன் உடல்திரவத்தில், நம் இரத்தத்தில் உள்ள இரும்புக்குப் பதில் செம்பு இருக்கிறது. தோலுரித்தவுடன் பற்கள் வெண்மையாக இருக்கும். பிறகு சிவந்து, கடைசியில் கறுக்கும். முழுக்கக் கறுக்க இந்த அளவுள்ள சிலந்திக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். அதன்பின், கொன்ற சிறு சிள்வண்டு ஒன்றை இரவில் அருகில் வையுங்கள். தொடாவிட்டால் காலையில் எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் வையுங்கள். கிண்ணம் மட்டும் வற்றாமல் இருக்கட்டும்.