இரண்டிலும் பைத்தான் 3.9 தான், ஒன்றில் ஓடும் நிரல் மற்றொன்றில் ஏன் நிற்கிறது?

எண்பித்தன்:
வணக்கம். பதினோராம் வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறேன். ஃபாக்டோரியல் (1 முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா முழு எண்களின் பெருக்கல்; எண்ணுக்குப் பின் ! இட்டுக் குறிப்போம்) எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று காட்ட ஒரு சிறிய பைத்தான் நிரல் வைத்திருக்கிறேன். மாணவர் ஓர் எண்ணைத் தந்தால் அதன் ஃபாக்டோரியலை முழுவதுமாக அச்சிடும். எத்தனை இலக்கம் என்றும் சொல்லும். 2000! என்றால் 5736 இலக்கங்கள். வீட்டு விண்டோஸ் கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. அதே கோப்பைப் பள்ளியின் லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் வேல்யூஎரர் என்ற பிழைச் செய்தி வருகிறது. முழு எண்ணை எழுத்துச்சரமாக மாற்றுவதற்கான 4300 என்ற வரம்பைத் தாண்டிவிட்டதாம். 1558! வரை ஒழுங்காக வருகிறது, 1559! கேட்டால் நிற்கிறது. நினைவகம் போதவில்லையா? பைத்தானில் முழு எண்ணுக்கு உச்சவரம்பே கிடையாது என்றல்லவா வகுப்பில் சொல்லிவருகிறேன்!

பழைய_முனையம்:
நினைவகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை ஐயா. இரு இடங்களிலும் பைத்தானின் முழுப் பதிப்பு எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது எண்தான் வேண்டும்.

எண்பித்தன்:
வீட்டில் 3.9.13. சர்வரில் 3.9.19. கடைசி எண் சிறு திருத்தங்களுக்கானது, அதனால் எதுவும் மாறாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பழைய_முனையம்:
பெரும்பாலும் அப்படித்தான். பாதுகாப்புத் திருத்தம் வரும்போது மட்டும் இந்த வழக்கம் சில சமயம் மீறப்படும். உங்களுடையது அப்படி ஒன்று.

2022 செப்டம்பரில் 3.10.7, 3.9.14, 3.8.14, 3.7.14 ஆகியவை ஒன்றாக வெளிவந்தன. சிவிஇ-2020-10735 என்ற பாதுகாப்புக் குறைக்கான திருத்தம் நான்கிலும் உண்டு. உங்கள் இரண்டு பதிப்புகளும் அந்தக் கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் நிற்கின்றன.

குறை என்னவென்றால், கணினி எண்ணை இரும அடிப்படையில் வைத்திருக்கிறது. அதைப் பத்தடிமானத்தில் எழுத, அப்போது பைத்தான் கையாண்ட முறையில், ஒவ்வொரு படியிலும் அதுவரை கிடைத்த விடை முழுவதையும் மறுபடி ஒருமுறை நடந்து கடக்க வேண்டும். இலக்கங்கள் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். எழுத்திலிருந்து எண்ணாக மாற்றும்போதும் அதே கதைதான். ஐந்து லட்சம் இலக்கமுள்ள ஒரு சரத்தை எண்ணாக மாற்ற வேகமான கணினிக்கே ஒரு நொடிக்கு மேல் ஆகலாம் என்று பைத்தானின் ஆவணமே சொல்கிறது. ஐந்து லட்சம் இலக்கம் என்பது அரை மெகாபைட் எழுத்துதான். முன்பின் தெரியாத ஒருவர் அப்படிப்பட்ட எண்களை ஜேசானில் (இணையத்தில் தரவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) வைத்து ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், அது வேறு எவருக்கும் பதில் சொல்ல முடியாமல் முடங்கிவிடும். அதனால்தான் 4300 இலக்கம் என்று வரம்பு கட்டினார்கள்.

வகுப்பில் நீங்கள் சொன்னது சரியே. முழு எண்ணுக்கு வரம்பில்லை, 1559! இப்போதும் பிழையின்றிக் கணக்கிடப்படுகிறது, அதை அச்சிடும் இடத்தில்தான் தடை. 1558! சரியாக 4300 இலக்கம், அடுத்தது 4303. பதினாறடிமானத்தில் அச்சிட்டுப் பாருங்கள், எவ்வளவு பெரிய எண்ணும் வரும். இரண்டின் அடுக்குகளான அடிமானங்களுக்கு அந்தச் சுமை இல்லாததால் வரம்பும் இல்லை.

நிரலின் தொடக்கத்தில் சிஸ் தொகுப்பை இறக்குமதி செய்து இந்த வரியைச் சேருங்கள்:

சிஸ்.செட்_இன்ட்_மேக்ஸ்_ஸ்டர்_டிஜிட்ஸ்(6000)

தட்டும்போது ஆங்கில எழுத்தில், அடிக்கோடுகளோடு.

வரப்புயரம்:
0 என்று கொடுத்தால் வரம்பே நீங்கிவிடும், அதையே போடலாமே.

பழைய_முனையம்:
சொந்தக் கணினியில் தனியாக ஓட்டினால் போடலாம். இவருடைய நிரலில் எண்ணைத் தருபவர்கள் மாணவர்கள். யாராவது ஒரு சுட்டிப் பையன் பத்து லட்சம் ஃபாக்டோரியல் கேட்டால் சர்வர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். 6000 போதும்; கூடவே 2000க்கு மேற்பட்ட உள்ளீட்டை நிரலிலேயே மறுத்துவிடுங்கள் ஐயா.

குறைகூறி:
எனக்கு இந்தத் திருத்தம் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. குறைக்கு 2020ஆம் ஆண்டின் எண், திருத்தம் 2022இல். அத்தனை காலம் பொறுத்தவர்கள் 3.11 வரும்வரை பொறுத்திருக்கலாம். அது அடுத்த மாதமே வந்துவிட்டது. பராமரிப்புப் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த நிரலை நிறுத்தினால் அடுத்த முறை யார் நம்பிப் புதுப்பிப்பார்கள்? வலைச் சர்வர்காரர்களின் தலைவலிக்குக் கணிதக்காரர்கள் மருந்து குடிக்க வேண்டியிருக்கிறது.

பழைய_முனையம்:
கடைசி வரி உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 3.11இல் மட்டும் கட்டியிருந்தால் 3.7இலும் 3.8இலும் ஓடிய சர்வர்கள் திறந்தே கிடந்திருக்கும். அவற்றைக் காக்கத்தான் பழைய கிளைகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருகிறார்கள்.

எண்பித்தன்:
சர்வரில் 2000! முழுதாக வந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் அதே கோப்பு இப்போது வீட்டில் ஓடவில்லை! அட்ரிபியூட்எரர், அப்படி ஒரு செயற்கூறே இல்லையாம். வீட்டிலும் 3.9.19 போட்டுவிடலாம் என்று பைத்தான் தளத்துக்குப் போனால் மூல நிரல் மட்டுமே இருக்கிறது, விண்டோஸ் நிறுவியைக் காணவில்லை. 3.9.13க்கு மட்டும் இருக்கிறது.

வரப்புயரம்:
இது நான் சொல்கிறேன். வரம்பும் அந்தச் செயற்கூறும் சேர்ந்தே வந்தவை, 3.9.13இல் இரண்டும் கிடையாது. ஆகவே அந்த வரிக்கு மேலே ஒரு நிபந்தனை வையுங்கள்: ஹாஸ்அட்டர் கொண்டு சிஸ் தொகுப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் அழையுங்கள். பதிப்பு எண்ணை ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். சில லினக்ஸ் வெளியீடுகள் பதிப்பு எண்ணை அப்படியே வைத்துவிட்டுப் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்த்துவிடும், எண் ஏமாற்றும்.

நிறுவி இல்லாததற்குக் காரணம் உண்டு. 3.12 வரையிலான கிளைகளுக்கு முதல் ஒன்றரை ஆண்டு அளவில் எல்லா வகைப் பிழைத் திருத்தமும் நிறுவியும் கிடைக்கும். பிறகு வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டு நிறையும்வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும், அதுவும் மூல நிரலாக மட்டும். 3.9க்கு அந்தக் கடைசி நிறுவி 3.9.13, 2022 மே மாதம் வந்தது. இந்தத் திருத்தம் அடுத்த பதிப்பில். அதாவது நிறுவியை நம்பி 3.9இல் தங்கியிருந்த விண்டோஸ்காரர் எவருக்கும் இது போய்ச் சேரவே இல்லை.

குறைகூறி:
நான் சொன்னால் குறைகூறி என்பீர்கள்.

எண்பித்தன்:
நிபந்தனை வைத்தேன், இரண்டு இடத்திலும் ஓடுகிறது. வீட்டில் 3.9ஐ அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பழைய_முனையம்:
வேண்டாம் ஐயா. 3.9க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. பள்ளிச் சர்வரைப் பார்ப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். வீட்டில் 3.13 போடுங்கள். அந்தக் கிளையிலிருந்து முழுப் பராமரிப்புக் காலத்தை இரண்டு ஆண்டாக நீட்டிவிட்டார்கள், அதனால் 2026 அக்டோபர் வரை நிறுவி கிடைக்கும்; பாதுகாப்புத் திருத்தம் 2029 அக்டோபர் வரை. 3.12 முதல் மிகப் பெரிய எண்களை மாற்றும் முறையும் வேகமாகியிருக்கிறது. 4300 வரம்பு அங்கும் உண்டு, அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.