நேபாளக் குழந்தைகள் இல்லத்துக்குத் தனியாகத் தன்னார்வலராகச் செல்லலாமா?

தேன்மொழி
கோடை விடுமுறையில் காத்மாண்டுவில் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆங்கிலம் கற்பிக்கத் தன்னார்வலராகச் செல்ல விரும்புகிறேன். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் சேர்த்து ஒரு முகவர் நிறுவனம் கட்டணம் கேட்டிருக்கிறது. நான் பள்ளி ஆசிரியை. பெண்பிள்ளை துணையில்லாமல் வெளிநாடு போவதா என்று வீட்டில் தயங்குகிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மாடசாமி
தனியாகப் போவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, அம்மா. பகலில் தரையிறங்கும் விமானத்தில் செல்லுங்கள். தங்கும் முகவரியையும் லைன்சௌரில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் வீட்டில் கொடுத்துவிடுங்கள். என் மறுப்பு நீங்கள் தேர்ந்தெடுத்த வேலையைப் பற்றியது.

1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் சென்று, பிள்ளையை நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு, அதே பிள்ளையைப் பெற்றோர் இல்லாதவர் என்று போலி ஆவணம் காட்டி இல்லங்களில் விட்டார்கள். போர் முடிந்த பிறகும் அந்த வழி அடைபடவில்லை. இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், பொக்காரா நகரம் இருக்கும் காஸ்கி என்று சுற்றுலாப் பயணிகள் திரளும் மாவட்டங்களிலேயே அமைந்தன. ஆதரவற்ற பிள்ளைகள் அங்கு மட்டுமா பிறக்கிறார்கள்? அந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதை யுனிசெஃப் சுட்டிக்காட்டியிருக்கிறது. கட்டணம் செலுத்தும் விருந்தினர் வந்துகொண்டே இருக்கும்வரை பிள்ளையைத் தாயிடம் திருப்பி அனுப்ப இல்லம் நடத்துபவருக்கு என்ன அவசரம்?

ரஞ்சனி
ஐயா சொல்லும் மோசடிகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் காட்டி எல்லா இல்லங்களையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதை ஏற்க முடியாது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்த நாடு அது. அப்போது வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் கொண்டுவந்த பணமும் கைகளும் எத்தனையோ கிராமங்களுக்கு உதவின. பெற்றோரிடமே அனுப்பிவிடுங்கள் என்று சொல்வது நமக்கு எளிது. ஹும்லாவில் ஒரு பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்கு எங்கே போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, வெள்ளைக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போய்வந்த இடத்துக்கு நம் பெண் ஒருத்தி துணிந்து புறப்படும்போதுதான் இத்தனை நெறிகளும் நினைவுக்கு வருகின்றன.

மாடசாமி
அதே நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாள அரசு என்ன செய்தது என்று பாருங்கள். பெற்றோரோ முறையான பாதுகாவலரோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்லத் தடை விதித்தது. புதிய இல்லங்களைப் பதிவு செய்வதையும் வெளிநாட்டுத் தத்தெடுப்பையும் நிறுத்திவைத்தது. பேரிடரையே தரகர்கள் வாய்ப்பாக்கிக்கொள்வார்கள் என்று அந்த அரசே அஞ்சியது. கிராமத்தில் பள்ளி இல்லை என்றால் தேவை கிராமத்தில் பள்ளியும் உள்ளூர் விடுதியும்தான். பிள்ளையின் பெயரையும் ஊரையும் மாற்றிக் காத்மாண்டுவில் வைத்திருப்பது அதற்கு மாற்றாகாது. வெள்ளைக்காரர்களையும் யாரும் விட்டுவைக்கவில்லை, ரஞ்சனி. 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்த ஆஸ்திரேலியா, அதற்கு முன் நடத்திய நாடாளுமன்ற விசாரணையில் இப்படிப்பட்ட இல்லங்களையும் தன் குடிமக்கள் அங்கே போவதையும் விரிவாக ஆராய்ந்தது.

கார்த்திக்
பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலையை விட்டுவிட்டு வேறு வகையில் யோசிக்கலாமே. முதல் உலகப் போரில் அழிந்த, பிரான்சின் வெர்தன் பகுதிக் கிராமம் ஒன்றை மீண்டும் கட்ட, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரெசோல் 1920இல் பல நாட்டவரைக் கூட்டி ஒரு பணிமுகாம் நடத்தினார். சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற பன்னாட்டுத் தன்னார்வ அமைப்பு அப்படித்தான் பிறந்தது. 1934இல் நேபாளத்தையும் பீகாரையும் சேர்த்து உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் அவரே பீகாருக்கு வந்து குடியிருப்புகள் கட்ட உதவினார். இன்றைய பணிமுகாம்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களே நடக்கின்றன. உள்ளூர் அமைப்பு ஒன்று கேட்ட வேலையைப் பல நாட்டவர் சேர்ந்து செய்கிறார்கள். தனியாகப் போனாலும் அங்கே தனியாக இருக்க வேண்டியதில்லை. வீட்டாருக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

ரஞ்சனி
அந்த 1920 முகாம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஜெர்மானியர் வந்து வேலை செய்வதைச் சுற்றுவட்டாரத்தில் பலர் விரும்பாததால் சில மாதங்களிலேயே கலைந்தது. வந்தவர்களின் நல்லெண்ணம் அங்கேயும் போதவில்லை. இரண்டு வாரம் செங்கல் சுமக்க விமானக் கட்டணம் செலவழிப்பதைவிட, அந்தப் பணத்தில் ஓர் உள்ளூர்க் கொத்தனாருக்குப் பல வாரங்கள் கூலி கொடுக்கலாம். ஆசிரியை கற்பிக்கப் போவதில் அந்தக் குறையாவது இல்லை, அவரிடம் ஒரு தொழில் திறமை இருக்கிறது.

மாடசாமி
திறமை இருக்கிறது என்றால் பிள்ளைகளுக்குப் பதிலாக அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். அவர் திரும்பிய பிறகும் வகுப்பு நடக்கும். பிள்ளைகளோ மாதந்தோறும் ஒரு புதிய அக்காவோடு ஒட்டிப் பழகி, அவர் போனதும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. மேலும், சுற்றுலா விசாவில் வருபவர் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக்கூடாது என்பது நேபாள விதி. இந்தியருக்கு விசாவே தேவையில்லை என்பதால் அந்தக் கேள்வி நம்மிடம் எழுவதில்லை. ஆகவே கேட்க வேண்டியவர் நீங்கள்தான், தேன்மொழி.

தேன்மொழி
முகவர் நிறுவனத்துக்கு இன்று எழுதியிருக்கிறேன். இல்லம் அரசிடம் பதிவு பெற்றிருக்கிறதா, பிள்ளைகளின் பெற்றோரைத் தேடினார்களா, எத்தனை பேரை இதுவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், என் கட்டணத்தில் இல்லத்துக்கு எவ்வளவு சேர்கிறது, என் குற்றப் பின்னணியை ஏன் யாரும் விசாரிக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்கு வாய்ப்பு உண்டா என்று லலித்பூரில் உள்ள ஒரு பள்ளியிடமும் தனியாக விசாரித்திருக்கிறேன்.

ரஞ்சனி
நல்ல கேள்விகள். ஒழுங்காகப் பதில் வந்தால் இல்லத்துக்கே போங்கள் என்பதுதான் இப்போதும் என் கருத்து.

மாடசாமி
ஒழுங்காகப் பதில் வந்தாலும் பள்ளிக்கே போங்கள் என்பது என் கருத்து.