கேஸ்மேட் சுவர்: 'இரட்டை மதில்' பொருந்துமா?

> இஸ்ரேலில் உள்ள பழைய அரணூர் கீர்பெத் கெய்யாஃபா பற்றிய கட்டுரையில் கேஸ்மேட் சுவருக்கு 'இரட்டை மதில்' என்று போடலாமா? படத்தில் இரண்டு சுவர்தானே தெரிகிறது?

வணக்கம் ஐயா. அது வேண்டாம் என்பேன். இரட்டை மதில் என்றால் ஒரு மதில், அதற்கு வெளியே இடம் விட்டு இன்னொன்று என்றுதான் படிப்பவர் நினைப்பார். கெய்யாஃபாவில் இருப்பது வேறு. இணையாக ஓடும் இரண்டு சுவர்கள். வெளிச்சுவர் தடித்தது, உட்சுவர் சற்று மெல்லியது. நடுவே குறுக்குச்சுவர் வைத்து அறை அறையாகத் தடுத்திருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்தே அகலம் சுமார் 4 மீட்டர்தான். ஊர் வீடுகள் மதிலை ஒட்டி நிற்கின்றன. மதிலுக்குள் இருக்கும் அறையே வீட்டின் பின்கட்டு.

இந்த அறைகளை வைத்துத்தான் வாதமே நடக்கிறது. ஏலா பள்ளத்தாக்கைப் பார்த்த இந்தக் குன்றை 2007 முதல் 2013 வரை தொல்லியலாளர்கள் யோசெப் கார்ஃபிங்கெலும் சார் கனோரும் அகழ்ந்தார்கள். கருகிய ஒலிவக் கொட்டைகளின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 11ஆம் நூற்றாண்டின் கடைசி, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று காட்டியது. யூதாவின் எதிரிகளான பெலிஸ்தரின் காத் நகரம் மேற்கே ஒரு நாள் நடைக்குள். அப்படியானால் இது யாருடைய எல்லை ஊர்? யூதா அரசினுடையது என்பதற்கு அவர்கள் காட்டும் சான்றுகள்: பன்றி எலும்பு இல்லை (பெலிஸ்தர் பன்றி உண்டவர்கள்), வீடுகளோடு பிணைந்த இந்த மதில் யூதா ஊர்களின் அமைப்பு. இரண்டு வாசல்கள் இருப்பதால் வேதாகமத்தில் யோசுவா 15:36இல் வரும் சாராயீம் என்ற ஊர் இதுவே என்றும் சொல்கிறார்கள். அந்த எபிரெயப் பெயருக்கே இரு வாசல் என்று பொருள் கொள்ளலாம். ஃபிங்கெல்ஸ்டைன் போன்ற தொல்லியலாளர்கள் ஏற்கவில்லை, அது தனிக்கதை. ஆனால் சொல்லில் 'அறை' இல்லாவிட்டால் வாசகருக்கு இந்தச் சண்டை விளங்காது.

என் பரிந்துரை: அறைமதில்.

> வேதாகமத்தில் எரிகோ ஊர் ராகாபின் வீடு அலங்கத்தில், அதாவது கோட்டை மதிலில், இருந்ததாக வருகிறதே, அறையலங்கம் எப்படி? 'கண்ணறை மதில்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார்.

ராகாபின் வீட்டை இப்படிப்பட்ட மதிலறையாக விளக்குபவர்கள் உண்டு, பொருத்தமான இடம்தான். அலங்கம் நல்ல சொல். தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெருப் பெயராகவே பழக்கம். ஆனால் மற்றவர்களுக்கு அதையும் விளக்க வேண்டியிருக்கும், மதிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ணறை என்றால் துளை, உயிரணு என்று மனம் போய்விடும். ஆள் குடியிருக்கும் அறைக்கு அது சிறுத்துப்போகிறது.

இன்னொரு வசதி: சொல்லைத் திருப்பிப் போட்டால் ஒவ்வோர் அறைக்கும் 'மதிலறை' கிடைக்கிறது. பிற்காலக் கோட்டைகளில் பீரங்கி வைத்த வளைகூரை அறையையும் கேஸ்மேட் என்கிறார்கள். அதைப் பீரங்கியறை என்று பிரித்துவிடலாம், குழப்பம் வராது.

உள்ளே வெற்றிடம் இல்லாத மதிலுக்குத் 'திண்மதில்' சரியா? பெயெர்செபா என்ற இன்னொரு பழைய ஊரைப் பற்றிய பதிவுக்கு இரண்டும் தேவை. அங்கே முதலில் இருந்தது திண்மதில், அப்புறம்தான் அறைமதில் வந்தது. மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.