மண்டபம் பக்கம் கார் பேட்டரி பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கடலை ஒட்டி வீடு. மார்கழிப் பனி தொடங்கியதிலிருந்து காலையில் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம், டாஷ்போர்டு விளக்கு மங்கிவிடுகிறது. வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டால் உடனே கிளம்புகிறது.

பேட்டரி டெர்மினலில் (கம்பி இணையும் முனை) பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, உப்புக் காற்று அப்படி. வெந்நீரில் சோடா உப்பு கரைத்துத் தேய்த்து, வாசலின் தடவியும் பலனில்லை. ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரியில் 12.1 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14.1. அப்படியானால் வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரிதானே? நம்ம ஊர்க் குளிர் பேட்டரியைச் சாகடிக்காது, கோடை வெயில்தான் ஏற்கெனவே அதைத் தின்றிருக்கும் என்று தோன்றுகிறது.

புதுசு வாங்கும்முன் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து பேட்டரி தாங்குகிறதா என்று சோதிப்பது) பார்க்க உச்சிப்புளி, ராமநாதபுரம் பக்கம் நம்பிக்கையான கடை இருந்தால் சொல்லுங்கள். அப்பாவை விடியற்காலையில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும், அவசரம்.