வெண்கலக் கால் கவசம்: கிரேக்கத்திலிருந்து வடக்கே போனதா, வடக்கிலிருந்து வந்ததா?

கடலோடி:
கணைக்கால் கவசம், அதாவது முழங்காலுக்குக் கீழே காலைக் காக்கும் தகடு, கிரேக்கர்களுடையதுதான். 1960-இல் கிரேக்கத்தின் தெந்திராவில் தோண்டிய கல்லறையில், உடலையே மூடும் வெண்கலக் கவசத்தோடு கணைக்கால் கவசத் துண்டுகளும் கிடைத்தன. காலம் பொ.ஆ.மு. 15ஆம் நூற்றாண்டு. நடு ஐரோப்பாவில் கிடைத்தவை அதற்குப் பிந்தியவை. வடக்கே இருந்தவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

செம்பியன்:
அவ்வளவு சுலபமில்லை நண்பரே. தெந்திராவுக்குப் பிறகு நீண்ட காலம் கிரேக்கத்தில் உலோகக் கால் கவசம் அரிது. பைலோஸ் அரண்மனைச் சுவரோவிய வீரர்களின் காலில் இருப்பது துணி அல்லது தோல் போலத்தான் தெரிகிறது. அப்புறம் பொ.ஆ.மு. 1200 வாக்கில் வெண்கலம் மறுபடி வருகிறது, சைப்ரஸின் எங்கோமியிலும் கிரேக்கத்தில் பட்ராஸ் அருகே கல்லிதேயாவிலும். கல்லிதேயா வீரனோடு புதைத்த வாள் எது? ஆய்வாளர்கள் ‘நவே இரண்டாம் வகை’ என்று அழைக்கும், வடக்கிலிருந்து வந்த வாள். அது வந்த வழியில் கவசமும் வந்திருக்கலாமே?

கடலோடி:
வாள் வந்தது சரி. அதற்காகக் கவசமும் வந்தது என்பது ஊகம். வடக்கத்திக் கவசங்களில் சக்கரமும் நீர்ப்பறவையும் புடைத்து நிற்கும். கல்லிதேயாவில் அந்தப் பறவைகள் எங்கே?

செம்பியன்:
அலங்காரத்தை அந்தந்த ஊர்க் கொல்லர் தன் விருப்பப்படி செய்வார். கட்டும் முறையைப் பாருங்கள். தகட்டின் ஓரம் நெடுக வெண்கலக் கம்பி வளையங்கள். அவற்றில் கயிற்றைக் கோத்துக் கெண்டைக்காலுக்குப் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும். எங்கோமியிலும் அதே முறை, ஹங்கேரியின் ரின்யாசென்ட்கிராலியிலும் அதே முறை. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பனங்காடு:
இருவரும் வெண்கலத்தை மட்டுமே பார்க்கிறீர்கள். ஹோமரின் ஒடிசியில் கிழவர் லயர்ட்டீஸ், தோட்டத்தில் முள் கிழிக்காமலிருக்கத் தைத்த மாட்டுத்தோலைக் கணைக்காலில் கட்டியிருக்கிறார். தோல் மண்ணில் மக்கிவிடும். அந்த உறை எத்தனை ஊர்களில் இருந்ததோ!

கடலோடி:
தோல் உறை எங்கும் தோன்றலாம், ஒப்புக்கொள்கிறேன். என் பேச்சு வெண்கலத்தைப் பற்றி. பின்னாளில், பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டில், கிரேக்கக் கொல்லர்கள் கயிற்றையே ஒழித்தார்கள். மெல்லிய தகட்டை விரித்துக் காலில் மாட்டினால் அதுவே கவ்விக்கொள்ளும். இந்தக் கைத்திறன் உள்ளவர்களா இரவல் வாங்கியிருப்பார்கள்?

செம்பியன்:
அது 600 ஆண்டு கழித்து நடந்தது. 1200-க்கு அது சாட்சி ஆகாது. தெந்திராவுக்கும் எங்கோமிக்கும் இடைப்பட்ட காலத்தில், கம்பி வளையம் வைத்த கவசம் ஒன்றைக் கிரேக்க மண்ணிலிருந்து காட்டுங்கள். நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.